ஆமைப் பேச்சு

இந்த வண்டி கயத்தாறு ஊருக்குள்ள போகும்லக்கா? பைபாஸ்லயே அடிச்சுக்கிட்டுப் போயிற மாட்டானே? போர்டுல கயத்தாறுன்னுதான் போட்டிருக்கான். போர்டை நம்பி ஏறி எங்க தெருக்காரி ஒருத்தி கங்கைகொண்டான்ல போய் இறங்குனா. கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன். மூணாவது தடவை கேட்டா மனுசன் கடிச்சிருவாரு. நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா? அப்ப உங்களுக்கு என்ன கவலை. கடைசி ஸ்டாப்பு. தூங்குனாலும் எழுப்பி இறக்கி விட்ருவான்.

இந்தப் பையை உங்க காலு பக்கத்துல வச்சுக்கிடட்டுமா? காராச்சேவு. மேல வச்சா குலுங்கி நொறுங்கிப் போகும். சாத்தூர்க்காரி வேற என்னத்தைக் கொண்டு போக முடியும், சொல்லுங்க. ஒரு டீச்சரைப் பாக்கப் போறேன். முன்னாடி எங்க ஸ்கூல்ல இருந்துச்சு, இப்ப கயத்தாறுல இருக்கு. நீங்க என்ன கேக்க வாரீகன்னு தெரியுது. பிள்ளைக்கு டியூசனான்னுதானே? இல்லைக்கா. அந்த டீச்சரை ஸ்கூலை விட்டு அனுப்புனதே நான்தான்.

மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நினைச்சுக்கிடாதீக. நான் ஏன் கேக்கணும்? நான் செஞ்சது தப்பே இல்லை. எந்தத் தாயா இருந்தாலும் அதைத்தான் செய்வா. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. உங்களைப் பாத்தா விவரமான ஆளாத் தெரியுது.

எங்க வீட்டுக்காரவுக மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வச்சிருக்காக. பேரு கதிரேசன். பாத்தீகளா, பட்டுன்னு சொல்லிட்டேன். எங்க அம்மால்லாம் புருசன் பேரை வாயால சொல்ல மாட்டாக. ரேசன் கடையில கேட்டாக்கூட என்னையச் சொல்லச் சொல்லுவாக. எங்க வீட்டுல தலைகீழு. அவுக பேரை நான்தான் சொல்லணும். அவுகளுக்கு அவுக பேரு வாயில வராது.

திக்குவாய்க்கா. எல்லாரும் இப்படித்தான் உச்சுக் கொட்டுவாக. கொட்டாதீக. தங்கமான மனுசன். அவுக கைபட்டா செத்த மோட்டாரும் ஓடும். வாய்தான். பொண்ணு பாக்க வந்தப்ப எல்லாத்துக்கும் தலையை ஆட்டுனாக. அடக்கமான பையன்னு எங்க அப்பா மயங்கிப் போனாரு. எனக்கும் பிடிச்சுத்தான் போச்சு. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போற வழியில ஒரு டீக்கடையில நின்னோம். காப்பி கேக்கப் போனாக. "க... க... க..."ன்னு அங்கேயே நிக்கிது. கழுத்து நரம்பு புடைக்குது. கண்ணு மூடிக்கிடுச்சு. டீக்கடைக்காரன் சிரிச்சான். பெஞ்சுல இருந்தவனுகளும் சிரிச்சானுக. நான் பட்டுச் சேலையோட எந்திரிச்சுப் போய், "ரெண்டு காப்பி போடுங்கண்ணே, சிரிச்சது போதும்"னேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சதுக்கா. ஒம்பது வருசம். அவுகளை ஒருத்தன் முன்னால அப்படி நிக்க விடலை நான். கடையில கையி அவுகளோடது, வாயி என்னோடது. மிக்ஸிக்கு அடியில இருக்க கப்ளர் தேஞ்சு போச்சுன்னா அவுக தொட்டுக் காட்டுவாக, நான் சொல்லிருவேன். மோட்டார் காயில் எரிஞ்சிருச்சுன்னா மூக்கைச் சுருக்குவாக, நான் சொல்லிருவேன். அவுக ஒரு எழுத்து எடுத்தாப் போதும், மிச்சம் எனக்குத் தெரியும். "சா"ன்னா சாப்பாடு. "பி"ன்னா பிள்ளை. பேங்குல, ஆஸ்பத்திரியில, சொந்தக்காரங்க விசேசத்துல, எங்க போனாலும் அவுகளுக்கு முந்தி நான் பேசிருவேன். எங்க மாமியா இருந்தவரைக்கும், "நீ வந்த பெறகுதான் எம் மகன் தலை நிமிந்தான்"னு சொல்லும்.

எனக்கு ஒரே பயம் என்னன்னா, பிள்ளைக்கு வந்திரக் கூடாது. வயித்துல இருக்கப்பவே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன். ஆத்தா, பிள்ளை கருப்பா இருக்கட்டும், செவப்பா இருக்கட்டும், வாய் மட்டும் நல்லா இருக்கட்டும்னு. பிறந்த பத்தாம் நாளே வசம்பைச் சுட்டு, இழைச்சு நாக்குல தடவுனேன். மிதுனான்னு பேரு வச்சோம். எதுக்கு அந்தப் பேருங்கீக? ஜோசியரு 'க' வரிசையில வைக்கச் சொன்னாரு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். அப்பன் 'க'வுல பட்ட பாடு போதாதா? ஆத்தா பண்ணுன புண்ணியம், ஒண்ணரை வயசுல பேச்சாப் பொரிஞ்சு தள்ளுனா. என்னைய உரிச்சு வச்சிருக்கான்னு எல்லாரும் சொன்னாக.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடவா? வேண்டாமா? சரி, இருக்கட்டும்.

போன ஜூன்ல யு.கே.ஜி. போனா. தெரு முனையில இருக்க நர்சரி ஸ்கூலுதான். அங்க புதுசா வந்த மிஸ்ஸுதான் நான் இப்பப் பாக்கப் போற டீச்சரு. ஜெபக்கனி மிஸ். சின்னப் பிள்ளைதான், இருவத்தஞ்சு, இருவத்தாறு இருக்கும். நான் தினம் சாயங்காலம் நோட்டைப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. ஜூன் மாசம் வெறும் நோட்டு. ஜூலை மாசம் வெறும் நோட்டு. பக்கத்து ஸ்கூல் பிள்ளை பக்கம் பக்கமா எழுதுது. எங்க பிள்ளை என்ன செய்யிதுன்னா, கை தட்டுது.

சிரிக்காதீக, நெசமாத்தான். மி, து, னா, மூணு தட்டு. அப்பா, ரெண்டு தட்டு. வீட்டுல இருக்க சாமானுக்கெல்லாம் தட்டுறா. அடுத்து புளியங்கொட்டை இருவது கொண்டு வரச் சொல்லிச்சாம் மிஸ்ஸு. கொடுத்து விட்டேன். அது எதுக்குன்னா, ஒரு வார்த்தையைச் சொல்லி, அதுல எத்தனை துண்டு இருக்கோ அத்தனை கொட்டையை விரலால தள்ளணுமாம். தக்காளிக்கு மூணு. கத்தரிக்காய்க்கு நாலு. புளியோதரைக்கு அஞ்சு. சோத்தை முன்னால வச்சுக்கிட்டு இவ கொட்டையைத் தள்ளிக்கிட்டு இருக்கா, சோறு ஆறிப் போகுது. பீஸ் கட்டிப் பல்லாங்குழி படிக்கவா அனுப்புறோம்?

அப்புறம் தலை எழுத்தை மாத்துற விளையாட்டு. தோசை கேட்டா "கோசை குடு, போசை குடு"ங்கிறா. எதுத்த வீட்டு முனியாண்டி மாமாவைக் "குனியாண்டி மாமா"ன்னு கூப்பிட்டா. அவரு பாவம், நெசமாவே குனிஞ்சுதான் நடப்பாரு. என் பேரு மாரீஸ்வரி. அதைப் "பாரீஸ்வரி"ன்னா. அம்மன் பேருக்கா அது! வாயில ஒண்ணு வச்சேன். இவுக அங்க மோட்டாரைக் கழட்டிக்கிட்டு இருந்தவுக, தோளு குலுங்கச் சிரிச்சாக. அவுக சிரிச்சது எனக்கு இன்னும் கோவம்.

நான் மிஸ்ஸைப் போய்க் கேட்டேன். "எழுத்து எப்ப மிஸ் சொல்லிக் குடுப்பீக?" அது பொறுமையாத்தான் சொல்லிச்சு. "மிதுனா அம்மா, வார்த்தைக்குள்ள சத்தம் இருக்குல்ல, அது முதல்ல காதுல தனித்தனியா விழணும். காது தெளிஞ்சிருச்சுன்னா எழுத்து தானா வந்து..."ன்னுச்சு. "காதெல்லாம் எங்க பிள்ளைக்கு நல்லாத்தான் கேக்குது மிஸ், நீங்க கையைப் பிடிச்சு எழுத வைங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்ன சொல்லப் போகுதுன்னு தெரியும்ல. எழுத வைக்கச் சோம்பேறித்தனம். அதுக்கு ஒரு பேச்சு.

கோயில்பட்டி வந்திருச்சா? அதுக்குள்ளயா? கடலைமிட்டாய்க்காரன் ஏறுவான். எனக்கு வேண்டாம்ப்பா. உங்களுக்கு? சரி.

அதுவரைக்கும் கூடப் பொறுத்துக்கிட்டேன்க்கா. ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் சாயங்காலம், ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை செருப்பைக் கூடக் கழட்டலை. என்னையப் பாத்து, "அஅஅம்... மாஆஆ... தஅஅண்... ணீஈஈ..."ங்கிறா.

என் உயிரு என்கிட்ட இல்லை. வாயைக் கோணிக்கிட்டு, மெள்ள மெள்ள, ஒவ்வொரு எழுத்தா இழுக்குது. வந்திருச்சு. அஞ்சு வருசம் ஒளிஞ்சிருந்து வந்திருச்சுன்னு அடுப்படியிலயே உக்காந்துட்டேன். பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "அம்மா, இது வந்து ஆ..."ன்னு என்னமோ சொல்ல வந்தா. திறந்த வாயில வசம்பை இழைச்சுத் தேனோட வச்சுத் தேச்சுட்டேன். கசப்புல கத்துனா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பதினஞ்சு நாளு. என்னன்னு அவகிட்டக் கேட்டிருக்கலாம்லங்கீகளா? கேக்குற நெலமையிலயாக்கா நான் இருந்தேன்?

வசம்புக்குப் பயந்து என் முன்னால அப்படிப் பேசுறதை விட்டுட்டா. குணமாயிருச்சுன்னு நினைச்சேன். ஆத்தாளுக்கு மாவிளக்கு எடுக்கத் தேதி கூடப் பாத்துட்டேன்.

ஒரு நாளு தலை சீவி விட்டுக்கிட்டு இருக்கேன். திடுதிப்புன்னு சொல்றா. "அம்மா, அப்பாவுக்குக் 'க'வும் 'ப'வும் 'த'வும்தான் ஒட்டிக்கிடுது. 'ம' ஒட்டலை. 'வ'வும் ஒட்டலை. வழுக்கிக்கிட்டு வந்துருது. முதல்ல வாயை லேசா வச்சு இழுத்தா, 'க' கூட வந்துருதும்மா."

அஞ்சு வயசுப் பிள்ளை பேசுற பேச்சா? பெத்த அப்பனோட குறையை உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கு. சீப்பாலயே முதுகுல போட்டேன். ஒம்பது வருசம் குடும்பம் நடத்துறேன், எந்த எழுத்து ஒட்டுது, எந்த எழுத்து வழுக்குதுன்னு நான் ஒரு நாளு பாத்திருப்பேனா? அதையெல்லாம் பாக்கிறதா மரியாதை? அவுக நிக்கிறதுக்கு முந்தியே நான் சொல்லி முடிச்சிருவேன்ல.

அதுக்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம். அப்பனும் மகளும் கடைக்குப் பின்னால, பழைய கிரைண்டர் போட்டிருக்க இடத்துல உக்காந்து குசுகுசுன்னு பேசுறாக. நான் போனா நிப்பாட்டிருவாக. ஒரு நாளு செருப்பில்லாமப் போனேன். நடுவுல புளியங்கொட்டை. இவுக ஒவ்வொண்ணாத் தள்ளுறாக. "கஅஅஅ... திஇஇ... ரேஏஏ... சன்." நாலு கொட்டை. பிள்ளை கையைத் தட்டுது. இவுக மறுபடியும் சொல்றாக. மறுபடியும் கொட்டையைத் தள்ளுறாக. முகத்தைப் பாக்கணுமேக்கா நீங்க. பரீச்சையில பாஸான பையன் மாதிரி.

எனக்கு என்ன தோணியிருக்கும்? நீங்களே சொல்லுங்க. வசம்பு போட்டு நான் ஒரு பக்கம் துடைக்கிறேன், இவுக மறு பக்கம் தடவிக்கிட்டு இருக்காக. கொட்டையை அள்ளிச் சாக்கடையில வீசுனேன். "உங்க வாய் கெட்டது போதாதா, பிள்ளை வாயும் கெடணுமா?"ன்னு கேட்டுட்டேன். கோவத்துல வந்த வார்த்தைதான். அவுக ஒண்ணும் சொல்லலை. எப்பவும் சொல்ல மாட்டாக.

மறுநாளு வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். நாலு மாசமா வெறும் நோட்டு, பிள்ளைக வாயைக் கோணிப் பேசப் பழகுது, யாரு யாரு வீட்டுல இப்படின்னு. ஒம்பது பேரு கை தூக்குனாக. "எங்க பையனும் இழுத்து இழுத்துப் பேசுறான், நாங்க வெளையாட்டுன்னு இருந்துட்டோம்"னு ஒருத்தி. "எங்க வீட்டுலயும் கோசை"ன்னு ஒருத்தி. சனிக்கிழமை காலையில ஏழு பேரு கிளம்பிப் போனோம். இவுக அன்னைக்குக் கடையில இல்லை. சனிக்கிழமைன்னா பத்து மணிக்குக் காயில் வாங்கப் போறேன்னு கையைக் காட்டிட்டுப் போவாக. மூணு வாரமா அதே கதை. சாத்தூர்ல எத்தனை காயில் எரிஞ்சு போகும், நானும் யோசிச்சிருக்கணும்.

ஸ்கூலை நடத்துற கரஸ்பாண்டென்ட் எங்களைப் பாத்ததும் எந்திரிச்சிட்டாரு. நான் சொன்னேன், முதல்ல அந்த கிளாசைப் பாப்போம் சார், அங்க என்ன நடக்குதுன்னு உங்க கண்ணால பாருங்கன்னு. எல்லாரும் வராந்தாவுல நடந்தோம். கிளாசு பக்கத்துல போகப் போக ஒரு குரல் கேக்குது. ஆம்பளைக் குரல். இழுத்து இழுத்து, பாட்டு மாதிரி. எங்கேயோ கேட்ட குரலா இருக்கே, யாருன்னு பிடிபடலை.

அவுகதான்க்கா.

எனக்கு என் புருசன் குரல் தெரியலை. ஏன்னா அவ்வளவு நீளமா அவுக பேசி நான் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளைக உக்காருற நாக்காலியில முழங்காலை மடக்கி உக்காந்திருக்காக. கையில துணியில தச்ச ஆமை ஒண்ணு, கையுறை மாதிரி மாட்டியிருக்கு. கீழே முப்பது பிள்ளைக. ஆமை மெள்ளத்தான் நடக்கும், அதனால மெள்ளத்தான் பேசும், அதுதான் விளையாட்டு. "நஅஅரிஇஇ... கிஇஇணத்துலஅஅ..."ன்னு ஆமை சொல்லுது. "நரி! கிணத்துல!"ன்னு பிள்ளைக சேத்துச் சொல்லிக் கத்துதுக. நரி என்னமோ கிணத்துல விழுந்திருச்சு போல. பிள்ளைக உருண்டு உருண்டு சிரிக்குதுக. எங்க மிது முன்வரிசையில நெஞ்சை நிமித்திக்கிட்டு, எங்க அப்பாங்கிற மாதிரி உக்காந்திருக்கா.

எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அந்த டீக்கடைச் சிரிப்பு. ஒம்பது வருசம் எவன் வாயிலயும் விழாமப் பொத்திப் பொத்தி வச்ச மனுசனை, முப்பது பிள்ளைக முன்னால வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்காக.

உள்ள போனேன். என்ன பேசுனேன்னு முழுசா ஞாபகம் இல்லை. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. "திக்குவாயனைக் கூட்டிட்டு வந்து கோமாளியாக்குறீகளா? ஊருல வேற ஆளே கிடைக்கலையா?"ன்னு கேட்டேன்.

அந்த வார்த்தையை வெளியில ஒருத்தர் சொல்ல நான் விட்டதில்லைக்கா. எங்க அப்பா ஒரு தடவை சொன்னதுக்கு ஒரு வருசம் அவரு வீட்டு வாசலை மிதிக்கலை. ஏழு பொம்பளைக, கரஸ்பாண்டென்ட், ஆயாம்மா, முப்பது பிள்ளைக. அத்தனை பேரு முன்னால நானே சொன்னேன்.

அவுக மெள்ள எந்திரிச்சாக. ஆமை கையிலயே இருக்கு. கழட்டத் தோணலை. என்னையப் பாத்து, "மாஆஆ..."ன்னாக. "நீங்க சும்மா இருங்க, உங்களுக்குத் தெரியாது, நான் பேசிக்கிடுறேன்"னேன். மிஸ்ஸு குறுக்க வந்துச்சு. "மிதுனா அம்மா, அவரு ஏதோ சொல்ல வர்றாரு, ஒரு நிமிசம் சொல்லட்டுமே. நான் கூப்பிடலை, அவராத்தான் வந்து கேட்டாரு, நானும் ஒரு தடவை ஆமையா இருக்கட்டுமான்னு..." அதையும் முடிக்க விடலை. எங்க வீட்டு விசயத்துல நீ யாருன்னேன்.

மிஸ்ஸு தீவாளிக்கு முன்னாடியே போயிருச்சு. ஒம்பது அட்மிசன் போயிரும்னு கரஸ்பாண்டென்டுக்குப் பயம். புது மிஸ் வந்துச்சு. கெட்டிக்காரி. தினம் ஆறு பக்கம் எழுத வைக்குது. மிது எழுத்தைப் பாக்கணும் நீங்க, அச்சடிச்ச மாதிரி. நோட்டுல இடமே இல்லை. நான் கேட்டது கிடைச்சிருச்சு. அப்புறம் என்ன வேணும் எனக்கு?

வீட்டுல சத்தம் இல்லைக்கா.

அவுக சுத்தமா நிறுத்திட்டாக. முன்னாடி "சா", "பி"ன்னாவது ஒரு எழுத்து வரும். இப்ப அதுவும் இல்லை. சண்டை கிடையாது. சாப்பிடுறாக, கடைக்குப் போறாக, நான் கேட்டாத் தலையை ஆட்டுறாக. பிள்ளை ஸ்கூல்ல பேசுது, தெருவுல பேசுது. வீட்டுக்குள்ள காலை வச்சா அதுவும் வாயை மூடிக்கிடுது. அப்பனும் மகளும் கையாலயே பேசிக்கிடுறாக. தண்ணின்னா கட்டை விரலை இப்படி. தூக்கம்னா கன்னத்துல கை. நான் நடுவுல உக்காந்து, "சாப்பாடா வேணும்? போதுமா? உப்பு இருக்கா? இருக்குல்ல?"ன்னு பேசிக்கிட்டே இருக்கேன். டிவியை வேற போட்டு வைக்கிறேன். என் குரல் எனக்கே எரிச்சலா இருக்கு. ஆனா நிப்பாட்டுனா பயமா இருக்கு. நிப்பாட்டுனா அந்த வீட்டுல ஒண்ணுமே இல்லைக்கா.

அதான் மிஸ்ஸைப் பாக்கப் போறேன். எவ்வளவு நேரம் ஆகும் கயத்தாறு? காலு ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது, பாருங்க. போய் என்ன சொல்லணும்னு நேத்துல இருந்து யோசிச்சு வச்சிருக்கேன். அம்மா தாயி, நீ ஒரு தடவை சாத்தூருக்கு வா, வந்து அவுககிட்ட எடுத்துச் சொல்லு, இவ கோவத்துல பேசிட்டா, மனசுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. நான் சொன்னா அவுக தலையை ஆட்டிட்டுப் போயிருவாக. மிஸ்ஸு சொன்னாக் கேப்பாக. அவுக என்ன நினைக்கிறாகன்னு எனக்குத்தான் தெரியுமே, அதையும் மிஸ்ஸுக்கு நானே சொல்லிருவேன்.

என்னக்கா? ஏதோ கேட்டீக. வண்டிச் சத்தத்துல கேக்கலை.

அன்னைக்கு அவுக என்ன சொல்ல வந்தாகன்னா?

எந்த அன்னைக்கு? கிளாசுலயா? என்ன சொல்லியிருப்பாக. வீட்டுக்குப் போவோம்னு சொல்லியிருப்பாக. இல்லைன்னா, மிஸ்ஸை ஏன் திட்டுறேன்னு... இல்ல, அப்படியும் இருக்காது. 'மா'ன்னு ஆரம்பிச்சாக. அது என் பேருதான். மாரின்னு கூப்பிட வந்திருக்காக. கூப்பிட்டுட்டு... கோவமா இருந்த மாதிரியும் தெரியலை முகம். ஆமையோட கையை நீட்டுனாக. என்னமோ காட்ட வந்த மாதிரி. நரிக் கதையைச் சொல்ல வந்தாகளோ? இல்ல, நீயும் உக்காந்து கேளுன்னு...

தெரியலைக்கா.

அவுக ஒரு எழுத்து எடுத்தா மிச்சம் எனக்குத் தெரியும்னு சொன்னேன்ல. தெரியாதுக்கா. எதுக்குமே தெரிஞ்சிருக்காது போல. 'சா'ன்னா சாப்பாடுன்னு நான்தான் வச்சுக்கிட்டேன். 'சாயங்காலம் வெளிய போவோமா'ன்னு கேக்க வந்தாகளோ என்னமோ. ஒம்பது வருசமா நான் சோத்தைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அந்தத் தண்ணிப் பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க.

ஏன்க்கா இதை முதல்லயே கேக்கலை நீங்க? கேட்டிருப்பீக. நான் எங்க விட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. அவுகதான். எடுக்க வேண்டியதில்லை, மிஸ்டு காலுதான். அவுக போன்ல பேச மாட்டாக. எங்களுக்குள்ள ஒரு கணக்கு. ஒரு ரிங்கு விட்டு நிப்பாட்டுனா டீ கொண்டு வா. ரெண்டு ரிங்குன்னா கடைக்கு ஆளு வந்திருக்கு. மூணுன்னா பிள்ளை வந்துட்டா. இதுவும் மூணாத்தான் இருக்கும், ஸ்கூல் விட்டிருப்பாக. ரெண்டு... மூணு... ஆச்சு. பிள்ளை வந்துட்டா.

நிக்க மாட்டேங்குதேக்கா.

அடிச்சுக்கிட்டே இருக்கு. நாலு. அஞ்சு. பிள்ளைக்கு ஏதும்... ஹலோ! ஹலோ, சொல்லுங்க! மிது வந்துட்டாளா? சாவி மாடத்துல இருக்கு. சோறு ஹாட் பாக்ஸ்ல... ஏன், கீழ விழுந்துட்டாளா? காய்ச்சலா? ஏதும்...

இல்ல. இல்ல இல்ல. நான் பேசலை.

நீங்க சொல்லுங்க.

...

ம்.

...

என்னண்ணே? கயத்தாறா? வந்திருச்சா? இறங்கலை. இறங்கலைங்கிறேன்ல, நீங்க விசிலை ஊதுங்க. திருநெல்வேலிக்கே டிக்கெட் போட்டுக்கிடுங்க. இல்லக்கா, நீங்க ஒண்ணும் பேசாதீக, ஜன்னலை மட்டும் மூடுங்க, காத்துச் சத்தம்.

அவுக இன்னும் சொல்லி முடிக்கலை.